இன்ஜின் மாத்தணும்னா சக்கரத்துல இருந்து ஆரம்பிங்க

பழைய பிக்கப்புக்கு இன்ஜின் மாத்தப் போறேன் என்று சொன்னால் நகரத்து நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன் வரும்?" என்பதுதான். எங்கள் பக்கம் கேட்பது வேறு. "எத்தனை பெட்டி ஏத்துவீங்க? எந்த ரோட்டுல?" இந்த இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி என்பது என் கட்சி. ஏன் என்று இந்தப் பதிவில் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 2000-களின் நடுவில் வந்த மகிந்திரா பிக்கப். 2523 சிசி, டிஐ இன்ஜின். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி, முருங்கை, கத்தரி ஏற்றிப் போகும். வடகாடு, பாச்சலூர்ப் பக்கம் மலை ஏறி எருவும் கொண்டு போகும். சேஸ் இன்னும் கெட்டியாக இருக்கிறது. தொட்டி இரண்டு தடவை அடித்துக் கட்டியாச்சு. இன்ஜின் மட்டும் தளர்ந்துபோச்சு. காலையில் வெள்ளைப் புகை, ஏற்றத்தில் கறுப்புப் புகை. இந்த நிலையில் ஊருக்குப் பத்து வண்டியாவது நிற்கும்.

"புது வண்டி வாங்கிடலாமே?" என்று கேட்பீர்கள். மாதச் சம்பளக்காரருக்கு மாதத் தவணை பொருந்தும். தக்காளிக்காரனுக்கு வருமானம் மாதத்துக்கு ஒருமுறை வராது. மூன்று மாதம் கையில் காசு புரளும், அடுத்த நாலு மாதம் பெட்டிக் கூலிக்கே இழுபறி. தவணைத் தேதி மட்டும் அஞ்சாந்தேதி தவறாமல் வந்து நிற்கும். "பதினைந்து வருசம் ஆன டீசல் வண்டியை ஓட்டவே கூடாதாமே?" என்று இன்னொரு கேள்வியும் வரும். டீசலுக்குப் பத்து வருசம் என்ற கதையெல்லாம் டெல்லி வட்டாரத்து விவகாரம். இங்கே வண்டி எஃப்.சி.யில் தேறினால் ஓடலாம். மஞ்சள் போர்டு வண்டி எட்டு வருசம் தாண்டினால் வருசா வருசம் எஃப்.சி. காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே ஒரு விவசாயி பழைய வண்டிக்கு மறு உயிர் கொடுக்க நினைப்பது கஞ்சத்தனமும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. கணக்குத்தான்.

ஆனா அந்தக் கணக்கை எங்கே தொடங்குவது என்பதில்தான் நம்ம பசங்க தடம் மாறுகிறார்கள். மொபைலில் ஒரு வீடியோ பார்க்க வேண்டியது. ஸ்கார்ப்பியோவில் முன்பு வந்த 2179 சிசி எம்ஹாக், 120 குதிரைத்திறன், அதைப் பழைய பிக்கப்பில் இறக்கி ஒருத்தர் பறக்கிறார். உடனே கோயம்புத்தூர் உக்கடத்துக்கும் சென்னை புதுப்பேட்டைக்கும் போன் போகிறது. இன்ஜின் வந்து இறங்கின பிறகுதான் மற்றதெல்லாம் யோசனைக்கு வருகிறது. கிடைத்த இன்ஜினுக்குத் தக்கபடி வண்டியை வளைக்கிறார்கள். செய்ய வேண்டிய வேலைக்குத் தக்கபடி, சக்கரத்தில் தொடங்கிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால், இன்ஜின் கடைசியாக வரும். சில சமயம் மாற்றவே தேவை இருக்காது.

முதலில், வண்டி உண்மையிலேயே எதனால் இழுக்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. சமதளத்தில் கியரை எடுத்துவிட்டால் வண்டி சட்டென்று நின்றால் எங்கேயோ பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாலு சக்கரத்து டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுடும். கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டர், நாசில், பம்ப். காலையில் மட்டும் வெள்ளைப் புகை வந்து, சூடானதும் நின்றால் கம்ப்ரஷனைப் பார்க்கணும். இதையெல்லாம் பார்த்த பிறகும் இன்ஜினில்தான் குறை என்றால், லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி, கிராங்க் அரைத்து, ஹெட் வேலை பார்த்தால் அதே இன்ஜின் இன்னும் பல வருசம் ஓடும். இதற்குத் தேவையான லேத்து, பம்ப் காலிபரேஷன் பட்டறை எல்லாம் எங்கள் சின்ன டவுனிலேயே இருக்கிறது. ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் நம்பரும் மாறாது.

அடுத்து பல் கணக்கு. பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குமே, ஹவுசிங், அதற்குள்ளே கிரவுன், பினியன் என்று இரண்டு பல் சக்கரம். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால், ஜாயிண்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 39-க்கு 8 என்றால் 4.88 சுற்று. உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிய ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டாம். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் கொடுத்துவிடுங்கள். அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, ஜாயிண்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதுதான் விகிதம்.

இது எதற்கு என்றால், 3.73-ஐ எடுத்துவிட்டு 4.88 போட்டால் இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் 30 சதவீதம் கூடுகிறது. சும்மா கூடவில்லை, வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குகிறோம். டயர் ஒரு சுற்றுக்கு 2.15 மீட்டர் போகிறது என்று வையுங்கள். நேர் கியரில் 2,500 ஆர்.பி.எம்.மில் 3.73 இருந்தால் மணிக்கு சுமார் 86 கிலோமீட்டர். 4.88 இருந்தால் 66. மதுரை பைபாஸில் ஓட்டுகிறவருக்கு இது பெரிய நஷ்டம். தோட்டத்து மண் பாதையில் பாரத்தோடு ஏறி, முப்பது கிலோமீட்டர் தள்ளி மார்க்கெட் போய் வருகிறவருக்கு இதில் என்ன போச்சு? ஒட்டன்சத்திரம் ரோட்டில் விடிகாலை மூன்று மணிக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு 86-ல் போக வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

இதில் இன்னொரு லாபம் உண்டு, வீடியோக்காரர்கள் சொல்லாதது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் வண்டியை இன்ஜின் பிடித்து நிறுத்துகிறது பாருங்கள், அந்தப் பிடியும் இதே விகிதத்தில் கூடும். ஏற்றத்தில் இழுக்கிற பல்லுதான் இறக்கத்தில் பிடிக்கிற பல்லு. பாச்சலூரிலிருந்து பாரத்தோடு இறங்குகிறவருக்கு இதன் அருமை தெரியும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பினியனில் பல் குறைந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் பாரம் கூடும். கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று பழசு ஒன்று புதுசு ஆகாது. நீல மை தடவி, பல் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து ஷிம் வைத்துப் பூட்டுகிற பொறுமை உள்ள மெக்கானிக் வேண்டும். அவசரப்பட்டால் ஒரு மாதத்தில் ஹவுசிங் ஊளையிடும். ஸ்பீடோமீட்டர் வயர் கியர் பெட்டியிலிருந்து வந்தால், மீட்டர் உண்மையைவிட அதிக வேகம் காட்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும்.

இப்போது பெரிய இன்ஜின் கதைக்கு வருவோம். பெருக்கல் தெரிந்தால் போதும். பழைய இன்ஜின் 180 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்கிறது, புதுசு 290 கொடுக்கிறது என்று வையுங்கள். முதல் கியர் நாலு மடங்கு, ஹவுசிங் நாலு மடங்கு. உராய்வை விட்டுவிட்டால் பழசில் பின் அச்சுக்கு 2,880 போகிறது. புதுசில் 4,640. இடையில் இருக்கிற கிளட்ச் பிளேட், கியர் பெட்டி, ஜாயிண்ட் கிராஸ், பினியன், ஆக்சில் எல்லாம் பழைய கணக்குக்குச் செய்தவை. வெறும் வண்டியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பாரத்தோடு சேற்றுப் பள்ளத்திலிருந்து கிளப்பும்போது அதில் எது பலவீனமோ அது முதலில் போகும். கிளட்சை மாற்றினால் கிராஸ் போகும். கிராஸை மாற்றினால் ஆக்சில் போகும். காங்கேயம் காளையைப் பூட்டிவிட்டு, உளுத்த நுகத்தடியை மாற்றாமல் விட்ட கதைதான்.

பொருத்துவதிலும் நுணுக்கம் இருக்கிறது. வேற கம்பெனி இன்ஜினும் பழைய கியர் பெட்டியும் நேராகச் சேராது. நடுவே அடாப்டர் பிளேட் அடிக்க வேண்டும். கிராங்கின் மையமும் கியர் பெட்டி ஷாஃப்ட்டின் மையமும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே கிளட்சும் பேரிங்கும் கதறும். டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் "கண்ணளவுல சரியா இருக்கு" என்று சொல்லும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. இன்ஜின் மவுண்டிங் இடம் மாறினால் கியர் பெட்டியின் சாய்வு மாறும். ஜாயிண்ட்டின் முன் கிராஸும் பின் கிராஸும் ஒரே கோணத்தில் இருந்தால்தான் ஒன்றின் ஆட்டத்தை மற்றது சமன் செய்யும். இல்லாவிட்டால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுக்க உதறும். டயரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

சிஆர்டிஐ இன்ஜின் என்றால் கம்ப்யூட்டர் பெட்டி, வயரிங், சென்சார், ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாம் கூடவே வர வேண்டும். இன்ஜின் மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து, வயரிங் இல்லாமல் மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் வீடு எங்கள் ஒன்றியத்திலேயே உண்டு. அந்த இன்ஜினில் டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் பாய்கிறது. கேனில் வாங்கி வந்து, தண்ணி கலந்ததா என்று பார்க்காமல் ஊற்றும் நம்ம பழக்கத்தை அந்த இன்ஜெக்டர் தாங்காது. பழைய டிஐ இன்ஜினில் ஏர் பிடித்தால் ஸ்பேனரும் ஒரு சின்னப் பையனும் இருந்தால் நடு ரோட்டிலேயே பிளீட் செய்து கிளம்பிவிடலாம். சிஆர்டிஐ நின்றால் லேப்டாப் வைத்திருப்பவர் வர வேண்டும். அதுவரை தக்காளி காத்திருக்குமா?

சரி, எல்லாம் பொருந்தி ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ரேடியேட்டர் பழசு என்றால் மலையில் கொதிக்கும். பிரேக் பழசு என்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நாற்பதில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட அறுபதில் போகும் அதே வண்டியை நிறுத்த பிரேக் இரண்டே கால் மடங்கு சக்தியை விழுங்க வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான், வேலை இரண்டே கால் மடங்கு. அதோடு, பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். இன்ஜினோடு ஆல்டர்னேட்டரும் மாறும்போது அந்தப் பம்ப் விட்டுப்போனால் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும். எனக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் இதை ஒரே வரியில் முடிப்பார்: "தம்பி, இன்ஜினு தள்ளத்தான் செய்யும். நிறுத்துறது நாமதான்."

இன்ஜின் பெருசானதும் வருகிற இன்னொரு வியாதி பாரம். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடை, இன்ஜினுக்காக மட்டும் எழுதினது இல்லை. சேஸ், அச்சு, டயர், பட்டை, பிரேக் எல்லாம் சேர்ந்து தாங்குகிற அளவு அது. ஆனா வண்டி இழுக்கிறது என்று தெரிந்ததும், "இன்னும் இருபது பெட்டி போடுங்கண்ணா" என்று வியாபாரி சொல்வார். பின்னால் கூடுதலாக இரண்டு பட்டை சேர்ப்போம். வண்டி தாழாது. தாழாததால் பாரம் கூடியது கண்ணுக்கும் தெரியாது.

கடைசியாகக் காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம். பட்டறைக்காரர், "அதெல்லாம் எஃப்.சி.ல பாத்துக்கலாம்ணா" என்பார். எஃப்.சி.யைப் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு ரோட்டில் யாருக்காவது ஏதாவது ஆகி, இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் வண்டியில் உள்ள இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யில் உள்ள நம்பரையும் வைத்துப் பார்த்தால்? நஷ்ட ஈட்டைத் தோட்டத்தை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும். அடிபட்டவர் குடும்பத்துக்கும் அந்தப் பணம் வருசக்கணக்கில் இழுக்கும். இந்த விசயத்தில் எனக்கு அபராதத்தைவிடப் பெரிய பயம் இதுதான்.

அதனால் என் கருத்து இது. இன்ஜினைத்தான் மாற்ற வேண்டும் என்றால் அதே கம்பெனி, அதே வகை இன்ஜினாகப் பாருங்கள். பில் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தானதா என்ற காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். திருட்டு வண்டியின் நம்பர் உங்கள் பானெட்டுக்குள் இருந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்தில் அனுமதி, பிறகு வேலை, பிறகு புது நம்பரை ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் ஏற்றுவது. வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 120 குதிரைத்திறன் ஏற்றிப் பறக்க நினைப்பவரையும், செத்துப்போன இன்ஜினுக்குப் பதில் அதே இன்ஜினை வைத்துப் பிழைக்க நினைப்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி அலைக்கழித்தால், இரண்டாமவரும் திருட்டுத்தனமாகத்தான் செய்வார். பில், பழைய ஆர்.சி. ரத்துச் சான்று, பிரேக் சோதனை, புகைச் சோதனை, இந்த நாலும் சரியாக இருந்தால் ஒரே நாளில் நம்பர் மாற்றித் தரும் ஏற்பாடு இருக்கட்டும். கண்டிப்பைப் பிரேக் சோதனையில் காட்டட்டும். ரோட்டில் எதிரே வருகிறவருக்கு அதனால்தான் நன்மை.

என் வண்டிக்குப் போட்டிருக்கும் வரிசையையும் எழுதிவிடுகிறேன். முதலில் பிரேக். நாலு சக்கரத்துக்கும் லைனிங், வீல் சிலிண்டர், ஹோஸ், வேக்குவம் பம்ப். இரண்டாவது ரேடியேட்டர், வாட்டர் பம்ப். மூன்றாவது கிளட்ச் செட், ஜாயிண்ட் கிராஸ் இரண்டும். நாலாவது 4.88 பல் ஜோடி, என் ஹவுசிங்குக்குப் பொருந்துவதாகக் கிடைத்தால். அதற்குப் பிறகு பழைய இன்ஜினைப் பிரித்துப் பார்ப்போம். பிளாக் நல்லா இருந்தால் லைனர் போட்டு அதையே ஓட்டுவேன். பிளாக் வெடித்திருந்தால் மட்டும் அதே டிஐ இன்ஜின், பில்லோடு. பெரிய இன்ஜின் வாங்கினால் அதன் விலை ஒரு மடங்கு, பொருத்துகிற செலவு இன்னொரு மடங்கு என்று ஆகும். அந்தப் பணத்துக்குள் என் பட்டியல் முழுசும் அடங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன். வேலையைத் தக்காளி இல்லாத மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். சீசன் நடுவில் வண்டியைப் பிரித்துப் போட்டால் வாடகை வண்டிக்கே அந்த மிச்சம் போய்விடும்.

இன்ஜின் மாற்றுவதை ஆசையாகச் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற ஜீப்புக்கு அவரவர் ஆசை, அவரவர் காசு. ஆனா நீங்கள் சாப்பிடும் தக்காளியைச் சுமந்துகொண்டு, தூக்கம் விழித்த டிரைவரோடு, விடிகாலையில் நாலு ஊர் தாண்டி வருகிற வண்டிக்கு வேண்டியது வேற. அது ஏற வேண்டும், இறங்க வேண்டும், நினைத்த இடத்தில் நிற்க வேண்டும், கெட்டால் பக்கத்து ஊரிலேயே சரியாக வேண்டும். உங்கள் ஊரில் மாமாவோ சித்தப்பாவோ பழைய பிக்கப்புக்கு இன்ஜின் தேடிக்கொண்டிருந்தால், இன்ஜின் விலையை விசாரிப்பதற்கு முன்னால், ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ரெண்டு சுத்து சுத்திப் பார்க்கச் சொல்லுங்க.